குச்சியாய் நிற்கும் கறிவேப்பிலை: காப்பாற்றப் போய்க் கொன்றுவிடும் தவறுகள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால், மொட்டை மாடியில் கறிவேப்பிலைச் செடி துடைப்பக்குச்சி மாதிரி நிற்கும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போயிருப்போம். அவர்களும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், முதல் வாரம் மட்டும். பார்த்ததும் மனசு கேட்காது. அன்றைக்கே பெரிய தொட்டி, புது மண், இரண்டு கை உரம், வாளி நிறையத் தண்ணீர், கத்தரியால் நாலு வெட்டு என்று எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவோம். நான் இப்படித்தான் ஒன்றைக் கொன்றேன். ஒரு மாத வெயிலைத் தாங்கிய செடி என் ஒரு நாள் கவனிப்பைத் தாங்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு, செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கி எறிவது. இலை இல்லாததால் மட்டும் உயிர் இல்லை என்று ஆகிவிடாது. கிளையின் நுனியில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் நாலு விரல் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். அடித்தண்டு வரை காய்ந்திருந்தால்கூட அவசரப்பட வேண்டாம். கறிவேப்பிலைக்கு வேரிலிருந்து பக்கக்கன்று விடும் குணம் உண்டு. மரம் இருக்கும் வீடுகளில் அதைச் சுற்றி முளைக்கும் கன்றுகளைத்தானே அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போகிறார்கள்? தொட்டியை நிழலில் வைத்து, மண்ணை லேசான ஈரத்தோடு வைத்திருந்து இரண்டு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல வாரம் காய்ந்த தொட்டி மண், அதிலும் தென்னை நார்க்கழிவு கலந்த மண், சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகி நிற்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடித்துளையில் கொட்டிவிடும். கீழே தண்ணீர் வந்துவிட்டதே என்று நாம் நிம்மதியாகப் போவோம். நடுவில் வேர் இருக்கும் மண்ணுருண்டை காய்ந்தபடியே கிடக்கும். தூக்க முடிகிற தொட்டியாக இருந்தால், அகலமான டப்பில் தண்ணீர் வைத்து அதில் அரை மணி நேரம் இறக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றால் மண் குடித்துவிட்டது என்று அர்த்தம். சிமெண்ட் தொட்டியைத் தூக்க முடியாது. அதற்கு ஒரு கம்பியால் மண்ணில் ஏழெட்டு இடத்தில் குத்திவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஒரு சொம்பு வீதம் ஊற்றுங்கள்.

இப்படி ஒரு முறை நன்றாக நனைத்த பிறகு, தினமும் ஊற்றக் கூடாது. இலை இல்லாத செடி தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். வறண்டு தப்பித்ததை வேர் அழுகச் செய்து கொல்வதில் நமக்கு நிகர் யாரும் இல்லை.

தொட்டி மாற்றும் விஷயம். மூன்று நான்கு வருடமாக ஒரே தொட்டியில் இருந்த செடி என்றால், வேர் உள்ளேயே வட்டமாகச் சுற்றிப் பாய் பின்னியது போல இருக்கும். வடிகால் துளையையும் அதுவே அடைத்திருக்கும். மாற்றத்தான் வேண்டும். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் வேண்டாம். ஆடியில் மழை தலைகாட்டி வெயில் தணியட்டும். மாற்றும்போது இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் சுற்றிய வேரை அப்படியே புது மண்ணில் இறக்குவார்கள். அது வெளியே வராமல் பழைய வட்டத்திலேயே சுற்றும். சிலர் மண்ணை முழுக்க உதறி, வேரைக் குழாயில் கழுவியே விடுவார்கள். வெளி வளையத்தை மட்டும் கத்தியால் சீவி, கால் பங்குக்கு மேல் போகாமல் வெட்டினால் போதும். புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு மூன்று அங்குலம் அகலமாக இருந்தால் சரி. ஒரேயடியாகப் பெரிய டிரம்முக்கு மாற்றினால், வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும்.

உரம்? துளிர் வரும்வரை ஒன்றும் வேண்டாம். பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சிதான் கொடுப்போம், பிரியாணி இல்லை. காய்ந்த வேரில் யூரியாவோ டிஏபியோ பட்டால், இருக்கிற ஈரத்தையும் வேரிலிருந்து அது வெளியே இழுத்துவிடும். கடலைப் புண்ணாக்கைக் கட்டியாக மண்ணில் புதைப்பதும் கூடாது. நாலு இலை விரிந்த பிறகு ஒரு கை மண்புழு உரம் போடுங்கள். புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்பார்கள். தெம்பாக இருக்கிற செடிக்கு, தண்ணீர் நிறையக் கலந்து எப்போதாவது ஊற்றுவதில் தப்பில்லை. ஆனால் துவண்டதை எழுப்பிவிடும் மருந்தெல்லாம் இல்லை அது.

புதுத் துளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக வந்தால் தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போடுவது இன்னொரு பழக்கம். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைபாடு. கடினமான போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண் காரத்தன்மைக்கு மாறிவிடும். இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மேல்மண்ணை இரண்டு அங்குலம் மாற்றுங்கள். மழைநீர் கிடைக்கும்போது தொட்டி வழிய வழிய ஊற்றுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் செடி மந்தமாகி இலை உதிர்வதைப் பார்த்துப் பதறுபவர்களும் உண்டு. குளிரில் அதன் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். அப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. நிழலில் தேறிய செடியை ஒரே நாளில் உச்சி வெயிலுக்கு மாற்றுவதும் வேண்டாம். முதல் வாரம் காலை வெயில் மட்டும் பட்டால் போதும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் எறும்புப் பொடி தூவி நிறுத்திவிடாதீர்கள். மேலே செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ தேன் போன்ற இனிப்பு நீரைச் சொரிந்துகொண்டிருக்கும்; எறும்பு அதற்காகத்தான் ஏறுகிறது. பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

கடைசியில் வருவது கைப்பழக்கம். துளிர் விட்டதும் ரசத்துக்கு என்று ஒவ்வொரு இலையாக உருவக் கூடாது. முதல் துளிர்கள் முற்றிக் கரும்பச்சையாகும்வரை தொடாதீர்கள். அப்புறம் பறிக்கும்போது நுனித்தண்டோடு, ஒரு கணுவுக்கு மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து கிளை பிரியும். பூவெடுத்தால் கிள்ளிவிடுங்கள். அதுவரை தாளிப்புக்குக் காய்கறிக் கடையில் கொசுறாகத் தருகிற கொத்து இருக்கவே இருக்கிறது.