மழை வருவதற்குள் மாடியைக் காலி செய்யுங்கள்

பெங்களூரில் மே பாதியைத் தாண்டினால் போதும், சாயங்காலம் நான்கு மணிக்கு மேகம் கட்டிக்கொண்டு வந்து, சில நாள் ஆலங்கட்டியோடு கொட்டித் தீர்க்கும். மறுநாள் மாடித் தோட்டத்தில் போய்ப் பார்த்தால் தக்காளி எல்லாம் வெடித்துக் கிடக்கும். காய்ந்திருந்த செடி ஒரே மூச்சில் தண்ணீர் குடிப்பதால் உள்ளே சதை பெருக்கிறது, தோலால் தாங்க முடிவதில்லை.

அதனால் முதல் வேலை தக்காளிதான். செடியிலேயே பழுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காயின் அடியில் லேசாகச் செம்மஞ்சள் தட்டியதுமே பறித்து, பழைய பேப்பரில் சுற்றி அடுப்படியில் ஒரு மூலையில் வைத்தால் சில நாளில் பழுத்துவிடும். ஃபிரிட்ஜில் மட்டும் வேண்டாம், பழுக்காமல் அப்படியே நின்றுவிடும்.

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். நுனியை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று உடைந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல் (கடையில் செய்தால் திட்டு விழும், இது நம் செடி). முற்றலைச் செடியில் விட்டுவைத்தால் புதுக் காய் குறையும். விதைக்கு மட்டும் நல்ல செடியாகப் பார்த்து இரண்டு காயை விடுங்கள், காய்ந்து ஆட்டினால் கலகலக்க வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறியுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி வரை கை அரிக்கும்.

கத்தரியைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள். ஓய்ந்த மாதிரி இருந்தாலும் ஒரு அடி உயரத்துக்கு வெட்டிவிட்டு, மண்ணைக் கிளறி, இரண்டு கை மண்புழு உரம் போட்டால் மழையில் துளிர்த்து மறுபடி காய்க்கும். தண்டுத்துளைப்பான் புகுந்து வாடிய நுனிகளை மட்டும் உரக்குழியில் போடாமல் தனியாகக் கட்டி எறியுங்கள்.

அப்புறம், செடி வைத்திருக்கும் பையின் அடித்துளைகள். போன வருடம் நான் பார்க்காமல் விட்டதில் ஒரே ராத்திரி மழையில் பாகற்கொடி தண்ணீரிலேயே நின்று, மூன்று நாளில் மஞ்சளாகி முடிந்துபோனது. பையைச் சாய்த்து, குச்சியால் குத்தி விடுங்கள், அவ்வளவுதான்.

மழை வரும்வரை தண்ணீருக்குச் சிக்கனம் தேவை. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்களே, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அரிசி, காய் கழுவிய தண்ணீர்தான் மாடிக்கு.

விதைப்பு? ஆடிப் பட்டம் தேடி விதை என்று ஊரில் சொல்வார்கள், இங்கே ஜூன் முதல் வாரத்தை ஒட்டியே பருவமழை தொடங்கிவிடும் என்பதால் பீன்ஸ், முள்ளங்கிக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். அவரைக்கு மட்டும் ஆடிதான். நாட்டுக்கொடி பகல் குறைந்தால்தான் பூக்கும். அத்தை சொல்லியும் கேட்காமல் ஒரு வருடம் ஜூன் தொடக்கத்திலேயே போட்டேன், கொடி பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா வரைக்கும் போனது, காய் என்னவோ மார்கழியில்தான் வந்தது.