வாரம்பங்கிள் மலையில ரெண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கணுமா?

ஆஸ்திரேலியாவுல, சிட்னியில இருந்து வடமேற்கா கார்ல கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஓட்டினா கூனபராபிரான்னு ஒரு சின்ன ஊர் வரும், அங்கிருந்து இன்னும் ஒரு 35 கி.மீ. போனா வாரம்பங்கிள் நேஷனல் பார்க். பெட்ரோல், தண்ணி, காய்கறி எல்லாம் கூனபராபிரான்லயே வாங்கிடுங்க, உள்ள கடை கிடையாது.

பார்க்குக்குள்ள டென்ட் போடுற இடங்கள்ல, வெந்நீர் ஷவர், கரன்ட் எல்லாம் வேணும்னா கேம்ப் பிளாக்மேன். குழந்தைங்களோட முதல் தடவை போறவங்களுக்கு அதுதான் சரி. எனக்குப் பிடிச்சது கேம்ப் பின்சம். கார் பார்க்குல வண்டியை விட்டுட்டு சாமானைத் தூக்கிட்டு கொஞ்ச தூரம் நடக்கணும், அதனாலயே அங்க கூட்டம் சேராது. எதுவா இருந்தாலும் முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணிடுங்க.

கோடையில, அதாவது அங்க டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், போகாதீங்க. 2013 ஜனவரி தீயில இந்த பார்க்கோட பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, கருகின மரங்களுக்கு நடுவுல புதுசா துளிர்த்ததை இப்பவும் பாக்கலாம். ஏப்ரல், மே இல்லன்னா செப்டம்பர் நல்லா இருக்கும். பகல்ல டி-ஷர்ட்ல நடந்துட்டு ராத்திரி பல்லு தந்தியடிக்கிற ஊரு அது, குளிர்காலத்துல ஜீரோவுக்குக் கீழயே போயிடும். நிறைய பேர் கனமான போர்வையா எடுத்துட்டு வந்து அடியில மெல்லிசா ஒரு பாயை விரிச்சுப் படுப்பாங்க, ஆனா குளிர் ஏறுறது தரையில இருந்துதான், அதனால காசு செலவு பண்றதுன்னா முதல்ல நல்ல தடிமனான மேட் வாங்குங்க, அப்புறம்தான் ஸ்லீப்பிங் பேக். வெறும் பியூட்டேன் கேஸும் அந்தக் குளிர்ல சரியா எரியாது, ப்ரோபேன் கலந்த சிலிண்டரா பாத்து வாங்குங்க. விறகு பொறுக்கிக்கலாம்னு நினைக்காதீங்க, நேஷனல் பார்க்ல சுள்ளி கூட எடுக்கக் கூடாது.

டென்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. பெரிய யூகலிப்டஸ் மரத்துக் கிளை காத்தே இல்லாம கூட முறிஞ்சு விழும், நிழலா இருக்கேன்னு அடியில போட்டுடாதீங்க. சாப்பாட்டு மூட்டையை வெளிய வெக்காதீங்க, பாஸம்னு (possum) ராத்திரியில மரத்துல திரியிற பூனை அளவு விலங்கு வந்து பையைக் கிழிச்சிடும். நான் ரொட்டி பாக்கெட்டை மடக்கு நாற்காலி மேல வெச்சிட்டுத் தூங்கிட்டேன், காலையில பிளாஸ்டிக் கவர் மட்டும் நாலு துண்டாக் கிடந்தது.

நடக்கப் போறது பிரெட்நைஃப், கிராண்ட் ஹை டாப்ஸ் ட்ராக், சுத்தி வர 14.5 கி.மீ., அஞ்சு ஆறு மணி நேரம் ஆகும். பின்சம்ல தங்கினா ட்ராக் உங்க டென்ட் பக்கத்துலயே ஆரம்பிக்கும், அதுதான் அங்க தங்குறதுக்குப் பெரிய காரணமே. விடியறப்பவே கிளம்பிடுங்க. முதல்ல ஸ்பைரி ஓடையை ஒட்டி சமதரை, அப்புறம் மூச்சு வாங்க வைக்கிற ஏத்தம். பிரெட்நைஃப்ங்கிறது கிட்டத்தட்ட 90 மீட்டர் உசரத்துக்கு கத்தி மாதிரி நிக்கிற மெல்லிசான பாறைச் சுவர், எரிமலைக் குழம்பு வெடிப்புல ஏறி உறைஞ்சு சுத்தி இருந்ததெல்லாம் கரைஞ்சு போனதுல மிஞ்சினது. அது மேல ஏறத் தடை. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி கட்டாயம், ஓடை வத்திக் கிடக்கலாம். புளியோதரை கட்டிட்டுப் போங்க, ஆறினாலும் ருசி போகாது.

போன் சிக்னலை நம்பாதீங்க. எங்க போறோம், எப்ப திரும்புவோம்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. பாம்புக்கடிக்கு அழுத்தக் கட்டுப் போடுற பேண்டேஜ் பையில இருக்கட்டும். கடிச்சா கழுவாம, கீறாம, கால் பூரா இறுக்கிக் கட்டி ஆளை அசையவிடாம வெக்கணும்.

ராத்திரி டார்ச்ல சிவப்பு கண்ணாடித் தாள் ஒட்டிக்கோங்க. 2016ல ஆஸ்திரேலியாவோட முதல் டார்க் ஸ்கை பார்க்னு, அதாவது விளக்கு வெளிச்சம் படாம ராத்திரி வானத்தை இருட்டாவே காப்பாத்துற இடம்னு, அறிவிச்ச இடம் இது, பக்கத்து மலையிலயே சைடிங் ஸ்பிரிங் வானாய்வகம் இருக்கு. டார்ச்சை அணைச்சிட்டு இருபது நிமிஷம் பொறுத்தீங்கன்னா பால்வீதி மரத்துக்கு மரம் நீண்டு கிடக்கும், கிட்டத்துலயே கங்காரு புல்லை நறுக் நறுக்னு கடிக்கிற சத்தம் கேக்கும். ஸ்பீக்கர்ல பாட்டு மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ், பக்கத்து டென்ட்காரங்களும் இதைக் கேக்கத்தான் வந்திருப்பாங்க.

கிளம்பறப்ப குப்பையை, டீத்தூளைக் கூட விடாம, கட்டி காருக்கு எடுத்துட்டுப் போங்க.