தழும்பு எந்தக் கன்னத்தில்? கூட்டாக மர்மக் கதை செய்யும் ஓவிய மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியக் கல்லூரி மாணவர்கள் ஏழு பேர் சேர்ந்து கண்காட்சியாகச் செய்த மர்மக் கதை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அச்சகம் நடத்திய ஒருவர் காணாமல் போய்விடுகிறார், மகள் தேடுகிறாள். சுவரில் லினோகட் படங்கள் (லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி அச்செடுத்தவை), மேசையில் பழைய கடிதங்கள், ஒரு மூலையில் காமிக்ஸ், ஹெட்போனில் மகளின் குரல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அருமை. எனக்கு முன்னால் நின்ற அம்மா தன் கணவரைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, காமிக்ஸ்ல அச்சகக்காரருக்குத் தழும்பு இடது கன்னத்துல இருக்கு, இந்தப் படத்துல வலது பக்கம். ரெண்டு பேரு இருக்காங்க, இரட்டைப் பிறவி!"

கதையில் இரட்டைப் பிறவி யாரும் இல்லை. லினோவில் செதுக்கி அச்செடுத்தால் இடவலம் மாறிவிடும். செதுக்கிய மாணவிக்கு அது தெரியாமல் இல்லை. கடைப் பலகை எழுத்துகளையெல்லாம் சரியாகத் திருப்பித்தான் செதுக்கியிருந்தார். முகத்தைத் திருப்ப மட்டும் விட்டுப்போயிற்று. அந்தத் தம்பதி அரைமணி நேரம் இல்லாத அண்ணனைத் தேடினார்கள்.

வேறு ஓவியமாக இருந்தால் யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது. மர்மக் கதைக்கு வருபவர் கண்ணில் படுவதெல்லாம் தடயம். எழுத்துப்பிழை, மாறிப்போன சட்டை நிறம், சுவர்க் கடிகாரத்தின் நேரம், எதையும் விடமாட்டார். ஒரே ஆள் செய்தால் இந்தப் பிசகுகளை அவரே பிடித்துவிடுவார். ஏழு பேர் செய்யும்போது, ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தில் அவை நுழைந்துவிடுகின்றன. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில் நடந்தவைதான்.

முதல் தவறு, முடிவு தெரியாமல் ஆரம்பிப்பது. "போகப் போகப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புவார்கள். சிற்பம் செய்பவர் கத்தி செய்துவிடுவார், கடிதம் எழுதுபவர் விஷம் என்று எழுதிவிடுவார். அப்புறம் இரண்டையும் ஒட்டவைக்க மூன்றாவது ஒரு கதை தேவைப்படும். 1936இல் ஆங்கில எழுத்தாளர் டென்னிஸ் வீட்லியும் ஜே. ஜி. லிங்க்ஸும் சேர்ந்து 'மர்டர் ஆஃப் மயாமி' என்று ஒரு மர்மக் கதையை வெளியிட்டார்கள். நாவல் போல இல்லாமல் போலீஸ் கோப்பு போலவே இருக்கும். அறிக்கைகள், புகைப்படங்கள், நிஜத் தலைமுடி, கறை படிந்த துணித்துண்டு, தீக்குச்சி என எல்லாம் உள்ளே இருந்தன. விடை மட்டும் கடைசியில் முத்திரையிட்டு மூடிய பகுதியில். நம் மாணவர்களும் அதையே செய்யலாம். உண்மையில் என்ன நடந்தது, யார் செய்தது, எத்தனை மணிக்கு, யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, எல்லோரும் படித்து, ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். உறையைப் பிரித்து மாற்றவேண்டும் என்றால் ஏழு பேரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

அதோடு குழுவில் ஒருவர் கணக்குப்பிள்ளையாக இருக்க வேண்டும். அவரிடம் ஓர் ஏடு. தழும்பு எந்தக் கன்னம், எந்தக் கையால் எழுதுவார், கண்ணாடி உண்டா, சம்பவத்தன்று மகள் என்ன நிறப் புடவை, பைக் நம்பர் என்ன. யார் எதை வரைந்தாலும் முதலில் இந்த ஏட்டைப் பார்க்க வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அன்றே எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழுவே போதும் என்பார்கள். போதாது. நானூறு செய்திகளுக்கு நடுவே தழும்பை யார் தேடுவது?

அடுத்தது, ஒரே விஷயத்தை ஐந்து வடிவத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது. கடிதத்தில் இருப்பதையே ஒலிப்பதிவில் வாசித்து, அதையே காமிக்ஸாகவும் வரைந்துவைத்தால் பார்ப்பவர் மூன்றாவதில் நகர்ந்துவிடுவார். குரலுக்கு என்ன முடியும் என்று யோசியுங்கள். ஒரு பெயரைச் சொல்வதற்கு முன்னால் வரும் தயக்கத்தைக் குரலால்தான் காட்ட முடியும். பின்னணியில் ரயில் போகும் சத்தம் கேட்டால், எங்கிருந்து பேசுகிறாள் என்பது சொல்லாமலே தெரியும். யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்பதைப் புகைப்படம் காட்டும். காமிக்ஸ், ஒரு பாத்திரம் என்ன நடந்ததாக நம்புகிறது என்பதைக் காட்டலாம். கடிதம் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்ல, அந்த முரண்பாடு நீங்கள் வேண்டுமென்றே வைத்ததாக இருந்தால் பார்ப்பவருக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

காலப் பிசகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓவிய மாணவர்கள் ஜெயிக்கக்கூடிய இடமும் இதுதான். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். 1968இல் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தின் முகவரியில் ஆறு இலக்க எண் இருந்தால் கதை அங்கேயே உடைந்துவிடும். இப்போது நாம் போடும் ரூபாய்க் குறியீடு 2010இல்தான் ஏற்கப்பட்டது. 1990களின் ரசீது என்று மாணவர்கள் செய்துவைத்த தாளில் அதைப் பார்த்திருக்கிறேன். எழுத்து இதைவிட நுணுக்கமானது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, ளை, னை என்பவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வேறு வடிவம். 1965ஆம் ஆண்டு நோட்டீஸை இன்றைய கணினி எழுத்துருவில் அடித்து, தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கினாலும் அந்த 'லை' காட்டிக்கொடுத்துவிடும். நூலகத்தில் அந்தக் காலப் பத்திரிகையை எடுத்துவைத்துக்கொண்டு கையால் வரையுங்கள்.

இதையே தடயமாகவும் ஆக்கலாம். பழைய முறையில் படித்தவர்கள் பலர் 1978க்கு அப்புறமும் துதிக்கை வைத்துத்தான் எழுதினார்கள். அச்சக உரிமையாளர் எழுதியதாக வரும் ஐந்து கடிதங்களில் நான்கில் பழைய 'லை', ஐந்தாவதில் மட்டும் புதிய 'லை' என்றால்? ஐந்தாவதை எழுதியது இளவயதுக்காரர் யாரோ. ஒரு வார்த்தை விளக்கம் வேண்டாம், கையெழுத்தே சொல்லிவிடும்.

பேருந்து டிக்கெட், பில் போன்றவற்றை வைப்பதென்றால், மெஷினில் வரும் வெப்பத்தாளில் (மையில்லாமல் சூட்டாலேயே எழுத்து பதியும் தாள்) எழுத்து நாளாக ஆக மங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். விளக்கின் சூட்டில் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

முக்கியமான தடயத்தை ஒரே இடத்தில் வைப்பதும் தவறு. ஹெட்போன் வேலை செய்யாது, மின்விசிறிச் சத்தத்தில் கிசுகிசுப்பு கேட்காது, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் க்யூஆர் கோடில் விளக்கு பளபளக்கும். கண்டிப்பாகத் தெரிந்தே ஆகவேண்டிய ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி, மூன்று வெவ்வேறு வடிவங்களில் வையுங்கள்.

எவ்வளவு கடினமாக வைப்பது என்பதில் பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். 2001இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஏ.ஐ.' படத்தை ஒட்டி மைக்ரோசாஃப்டில் ஒரு குழு 'தி பீஸ்ட்' என்ற மர்ம விளையாட்டை நடத்தியது. போஸ்டரில் வரும் கலைஞர் பட்டியலில் 'உணர்வுள்ள இயந்திரங்களுக்கான சிகிச்சையாளர்' என்ற பொறுப்போடு ஒரு பெயர். அதைத் தேடிப் போனால் இணையதளங்கள், தொலைபேசிச் செய்திகள், ஒரு கொலை. மூன்று மாதத்துக்கு என்று தயாரித்த புதிர்களை ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி முதல் நாளிலேயே அவிழ்த்துவிட்டதாக உருவாக்கியவர்களே பின்னால் சொன்னார்கள். கண்காட்சி அறையில் நிலைமை நேர்மாறு. தனியாக வரும் ஒருவர் பத்து நிமிடம் நிற்பார், கையில் பையும் குழந்தையும் இருக்கும். ஆகவே திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, கதை தெரியாத இரண்டு பேரை உள்ளே விட்டு, நீங்கள் வாயைத் திறக்காமல் ஓரமாக நின்று, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். "அது என்னன்னா..." என்று விளக்க ஆரம்பித்தால் சோதனை வீண்.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தெருவில் நிஜம் போலக் 'காணவில்லை' போஸ்டர் ஒட்டாதீர்கள். 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' என்ற திகில் படத்தின் சுவரொட்டிகளும் இணையதளமும் அதில் நடித்த மூவரும் நிஜமாகவே தொலைந்துவிட்டதுபோலச் சொல்லின. கதாநாயகியாக நடித்தவரின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. நம் ஊர் பேருந்து நிலையச் சுவர்களில் பெற்ற பிள்ளையைத் தேடி ஒட்டிய போஸ்டர்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நம் கற்பனை முகம் வரக்கூடாது. போஸ்டர் வேண்டும் என்றால் அறைக்குள் ஒட்டுங்கள். ஃபோன் நம்பரும் கண்டபடி போடாதீர்கள். பத்து இலக்கத்தை மனம்போனபடி எழுதினால் அது யாரோ ஒருவருடைய நம்பராக இருந்துவிடலாம். ராத்திரி முழுக்க அவருக்கு அழைப்பு போகும். இதற்கென்றே ஒரு சிம் வாங்கிப் பதில் குரலைப் பதிந்துவையுங்கள்.

அந்த அச்சகக் கதைக்கு என்ன ஆயிற்று என்றால், அன்று சாயங்காலமே நான் மாணவியிடம் தழும்பைப் பற்றிச் சொன்னேன். ராத்திரியோடு ராத்திரியாக முகத்தைத் திருப்பிச் செதுக்கி, மறுநாள் காலை மை முழுசாகக் காய்வதற்குள் மாட்டிவிட்டார்கள். தொடாதீர்கள் என்று பக்கத்தில் ஒருவர் நின்றார். கணக்குப்பிள்ளை ஏடு ஒன்று அன்றைக்குத்தான் ஆரம்பமானது. முதல் வரி: "தழும்பு, இடது கன்னம், கண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடை."