போர்க்கால அட்டைப்படப் பெண்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் பெண்களைப் பற்றி யார் எழுதினாலும் பக்கத்தில் ஒரே படத்தைத்தான் வைக்கிறார்கள். வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் தலைத்துணி, மடக்கிக் காட்டும் கை, ‘நம்மால் முடியும்’ என்ற வாசகம். கீழே, போர்க்கால ஆலைப் பெண்களின் அடையாளமான கற்பனைப் பெண்ணின் பெயரைப் போட்டு, ‘ரோஸி, 1943, பத்திரிகை அட்டை’ என்று ஒரு குறிப்பு. அதில் ஆண்டு மட்டும்தான் சரி.

அது ஓவியர் ஜே. ஹோவர்ட் மில்லர் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்சாதன நிறுவனத்துக்காக வரைந்த சுவரொட்டி. 1943 பிப்ரவரியில் இரண்டு வாரம் அந்த நிறுவனத்தின் ஆலைகளுக்குள் ஒட்டியிருந்ததோடு சரி. ஏற்கெனவே அங்கே வேலை பார்த்தவர்களுக்கு உற்சாகம் ஊட்டத்தான் அது. அந்தப் பெண்ணுக்கு அப்போது ரோஸி என்ற பெயரும் கிடையாது. ஊரெங்கும் பரவியது 1980களில்தான்.

அட்டையில் வந்த ரோஸி வேறு. ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்து ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ 1943 மே 29 இதழில் வந்தவள். மடியில் ரிவெட் (உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணி) அடிக்கும் கருவி, கையில் சாண்ட்விச், காலடியில் ஹிட்லரின் புத்தகம். உட்கார்ந்திருக்கும் தோரணை மைக்கேலாஞ்சலோ வரைந்த, பைபிளில் வரும் ஏசாயா தீர்க்கதரிசியுடையது.

இங்கேதான் அடுத்த தவறு: ஓவியத்தில் அவளுக்கு இருக்கும் அகன்ற தோள்களைப் பார்த்துவிட்டு, ஆலைப் பெண்கள் இப்படித்தான் இருந்தார்கள் என்று முடிவுகட்டுவது. மாடலாக உட்கார்ந்தவர் வெர்மான்ட்டைச் சேர்ந்த மேரி டாய்ல் என்ற 19 வயது தொலைபேசி ஆபரேட்டர். ஒல்லியான பெண். இவ்வளவு பெரிதாக வரைந்ததற்காக ராக்வெல் அவரிடம் மன்னிப்பே கேட்டார்! ஓவியம் புகைப்படம் அல்ல. அதில் தெரியும் பலம் ஓவியர் கூட்டிக் காட்டியது.

1943 செப்டம்பர் மாத இதழ்களை வரிசையாகப் பார்த்தால் அட்டைக்கு அட்டை வேலை செய்யும் பெண்கள். பத்திரிகைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஞானோதயம் என்று நினைத்துவிடக் கூடாது. அரசின் போர்த் தகவல் அலுவலகம் கேட்டுக்கொண்டு நடந்த பிரசாரம் அது. ஆலைக்கு ஆள் தேவைப்பட்டது. அதனால் அட்டையை எப்போதும் மாதம் பார்த்துப் படியுங்கள்.

இன்னொன்று, ‘அடுப்படியிலிருந்து நேராக ஆலைக்கு’ என்ற கதை. படங்கள் அந்த எண்ணத்தைத்தான் தருகின்றன. ஆனால் சலவையகத்திலும் உணவகத்திலும் முன்பே உழைத்துக்கொண்டிருந்த பலர், கூடுதல் சம்பளத்துக்காக ஆலைக்கு மாறினார்கள். அதேபோல, விமான ஆலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலை செய்த கறுப்பினப் பெண்களைப் பெரிய இதழ்களின் அட்டைகளில் காண்பது அரிது. படத்தில் இல்லை என்பதால் இடத்தில் இல்லை என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

அப்புறம், 1943ஓடு நிறுத்திக்கொள்வது. ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழின் 1945 மே 26 அட்டையையும் எடுத்துப் பாருங்கள். அதுவும் ராக்வெல் வரைந்ததுதான். ஐரோப்பாவில் போர் முடிந்திருந்த நேரம்; சிப்பாய் வீடு திரும்புகிறான். அம்மா கைகளை விரித்து வரவேற்கிறாள். சுவரோரம் ஓர் இளம்பெண் கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கிறாள். ரிவெட் கருவி எங்கும் இல்லை.