துடைப்பத்தையும் மாப்பையும் சுவரில் மாட்ட

கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிற மாப் என்றைக்காவது தலையில் விழும். எனக்கு விழுந்தது, அப்புறம்தான் சுவரில் மாட்டும் ஹோல்டர் வாங்கினேன்.

ஒட்டுகிற ரகம் வழவழப்பான டைல்ஸில்தான் நிற்கும், டிஸ்டெம்பர் அடித்த சுவர் என்றால் பூச்சையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். டைல்ஸைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டி, ஒருநாள் முழுக்க எதையும் மாட்டாமல் விடுங்கள். அந்தப் பொறுமை இல்லாமல்தான் பல வீடுகளில் மறுநாளே கழன்று விழுகிறது.

துளை போடுவதென்றால் அளவுநாடா வேண்டாம். மாப்பையே சுவரோடு பிடித்து, அதன் நூல் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்படி தூக்கி, கம்பைக் கவ்வ வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியுங்கள். குழாய்க்கும் சுவிட்ச் போர்டுக்கும் நேர் மேலேயோ கீழேயோ துளைக்காதீர்கள், உள்ளே பைப்போ வயரோ போகும். டைல்ஸில் குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் டிரில் வழுக்காது. டைல் தாண்டும்வரை டிரில்லை ஹேமர் மோடில் (தட்டித் தட்டித் துளைப்பது) வைக்கக் கூடாது, விரிசல் விட்டுவிடும். துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் 6 மி.மீ. என்றால் பிட்டும் 6 மி.மீ. பிளக்கைச் செருகி, ஹோல்டரை அதன்மேல் வைத்துத் திருகாணியை முடுக்கினால் சரி.

தென்னை ஈர்க்குமாற்றுக்குக் கம்பு கிடையாதே, ஹோல்டரில் கம்பைப் பிடிக்கும் ரப்பர் உருளை அதைக் கவ்வாது. தலைக்கட்டில் ஒரு கயிற்று வளையம் போட்டுக் கொக்கியில் தொங்கவிடுங்கள். ஈர மாப்பை மட்டும் ஓரத்தில் மாட்டுங்கள், பக்கத்தில் பூந்துடைப்பம் இருந்தால் அதுவும் நனைந்து நாறும்.