எல்.ஏ. இருந்தும் புஷ்ஷிங் ஏன் வெடிக்கிறது?

33/11 கே.வி. துணைமின் நிலையத்தில் இடி இறங்கி டிரான்ஸ்பார்மரின் 11 கே.வி. புஷ்ஷிங் (ஒயர் டேங்க்குக்குள் நுழையும் இடத்திலுள்ள பீங்கான் இன்சுலேட்டர்) வெடித்தால், முதலில் எல்.ஏ.யைத்தான் (லைட்னிங் அரெஸ்டர், இடியின் மின்னோட்டத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் கருவி) குறை சொல்வோம். பல நேரம் எல்.ஏ. நன்றாகவே இருக்கும். அதைக் கட்டிய விதத்தில்தான் கோளாறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 கே.வி. ரேட்டிங் உள்ள ஜிங்க் ஆக்சைடு எல்.ஏ., 10 கிலோ ஆம்பியர் பாயும்போது தன் இரு முனைக்கும் நடுவே சுமார் 30 கே.வி.யோடு நிறுத்திவிடும். டிரான்ஸ்பார்மரின் இம்பல்ஸ் தாங்குதிறன், அதாவது இடி போன்ற கணநேர அழுத்தத்தைத் தாங்கும் அளவு, 75 கே.வி. தாராளமாகத் தெரிகிறது. ஆனால் ஒயரின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென ஏறுவதை எதிர்க்கும் தன்மை) மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி. மைக்ரோ நொடிக்கு 10 கிலோ ஆம்பியர் என்ற வேகத்தில் மின்னோட்டம் ஏறினால், மீட்டருக்கு 10 கே.வி. கூடுகிறது. எல்.ஏ.க்கு மேலே 2 மீட்டர், கீழே 3 மீட்டர் ஒயர் விட்டிருந்தால் 30 போய் 80 ஆகிவிடும். இன்சுலேஷன் பழசாகியிருந்தால் அதற்கும் முன்பே கதை முடிந்துவிடும்.

ஆகவே எல்.ஏ.யைத் தள்ளியிருக்கும் கேன்ட்ரியில் (லைன் வந்து சேரும் இரும்புச் சட்டம்) விட்டுவைக்காமல் புஷ்ஷிங்கை ஒட்டி நிறுத்துங்கள். லைன் முதலில் எல்.ஏ. தலைக்கு வந்து, அங்கிருந்து புஷ்ஷிங்குக்குப் போகட்டும். நடுவில் கிளை பிரித்து எல்.ஏ.க்கு இழுக்க வேண்டாம். மேலும் கீழும் சேர்த்து 1 மீட்டருக்குள் அடங்கினால் நல்லது.

எர்த்தில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. எல்.ஏ.க்குத் தனி எர்த் குழி, டிரான்ஸ்பார்மர் டேங்க்குக்குத் தனிக் குழி என்று பிரித்து விட்டுவிடுகிறார்கள். குழி 10 ஓம் காட்டினால், 10 கிலோ ஆம்பியரில் அங்கே 100 கே.வி. எழும். டேங்க் அதோடு இணையாமல் நின்றால் அந்த 100-ம் வைண்டிங்குக்கும் டேங்க்குக்கும் நடுவே வந்து விழும். எல்.ஏ. அடியையும் டேங்க்கையும் 50×6 மி.மீ. ஜி.ஐ. ஃபிளாட்டால் நேராக இணையுங்கள். பிறகு குழிக்கும் எர்த் மேட்டுக்கும் (மண்ணுக்குள் புதைத்த உலோக வலை) கொண்டுபோங்கள். செங்குத்தாக மடக்காமல் வளைத்து விடுங்கள். போல்ட் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும்.

33 கே.வி. பக்கமும் இதே முறைதான், எல்.ஏ. ரேட்டிங் மட்டும் 30 கே.வி.

எல்.ஏ. வழியே எத்தனை முறை இடி பாய்ந்தது என்று எண்ணும் சர்ஜ் கவுண்ட்டர் வருடக்கணக்கில் நகரவில்லை என்றால் இடியே விழவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்.ஏ. அடிக்கும் கவுண்ட்டருக்கும் நடுவிலுள்ள ஒயர் எங்காவது ஸ்டீல் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது அடியிலுள்ள இன்சுலேட்டிங் பேஸில் உப்பும் தூசும் படிந்திருக்கலாம். இரண்டிலும் மின்னோட்டம் கவுண்ட்டரைச் சுற்றிப் போய்விடும்.

கோடை மழைக்கு முன் மார்ச்சிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் சோதியுங்கள். லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, இரு பக்கமும் ஐசொலேட் செய்து, எர்த் ராடு மாட்டிய பிறகே கை வைக்க வேண்டும். மேல் ஜம்பரை (எல்.ஏ. தலையை இணைக்கும் ஒயர்) கழற்றி, அந்த எல்.ஏ.யில் மாட்டிய எர்த் ராடை மட்டும் எடுத்துவிட்டு, 5 கே.வி. மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பாருங்கள், 1000 மெகா ஓமுக்குக் குறைந்தால் மாற்றிவிடுங்கள். எர்த் குழியை மழைக்குப் பின் அளப்பதில் பயனில்லை. ஈர மண் நல்ல அளவையே காட்டும். மண் காய்ந்து கிடக்கும்போது அளந்ததுதான் உண்மையான அளவு.

டிஸ்கனெக்டர் (எல்.ஏ. பழுதானால் எர்த் ஒயரைத் தானே கழற்றிவிடும் பாகம்) உள்ள எல்.ஏ.யில் எர்த் ஒயர் கழன்று தொங்கினால் அதைத் திரும்பக் கட்டவே கூடாது. உள்ளே எல்.ஏ. செத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கட்டினால் ஃபீடர் எர்த் ஃபால்ட்டில் டிரிப் ஆகும். இந்த வகையில் புதிது மாட்டும்போது மட்டும், ஃபிளாட்டை நேராகக் கட்டாமல் அடியில் வளையும் ஒயரையே போடுங்கள். விறைப்பான ஃபிளாட்டைப் போட்டால் டிஸ்கனெக்டர் வெடித்தாலும் பிரிந்து விழாது.