பழைய தேக்கு வீட்டுக்குள் புது வெளிச்சம்: உள்வேலை செய்வோருக்குச் சில குறிப்புகள்

பர்மாவின் மௌல்மீனிலும் தட்டோனிலும் நம் தாத்தாக்கள் கட்டி இன்னும் நின்றுகொண்டிருக்கும் வீடுகளில் பல, கீழ்த்தளம் செங்கல்லும் மேல்தளம் தேக்குப் பலகையுமாக அமைந்தவை. பகலிலும் விளக்குப் போடவேண்டிய இருட்டு, கையை வைத்தால் ஒட்டும் சுவர், நடந்தால் முனகும் தரை என்று குறை சொல்லி, பிள்ளைகள் ஒட்டுப்பலகையும் பளபளக்கும் ஓடும் வைத்து எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். கறுத்திருப்பது பெரும்பாலும் மரம் அல்ல. அறுபது எழுபது ஆண்டுகளாக அதன்மேல் ஏறிய கச்சா எண்ணெயும், அடுப்புப் புகையும், வார்னிஷும்தான். ஆகவே இந்த வேலையில் பாதிக்கு மேல் எதையும் புதிதாகச் சேர்ப்பது அல்ல, இருப்பதை எடுப்பது.

அந்தப் பலகையை மதிக்கக் காரணம் உண்டு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதால், அந்தக் காலத்தில் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே உலரவிட்டு, அதன் பிறகே வீழ்த்திச் சால்வின் ஆற்றில் மௌல்மீனுக்கு இறக்கினார்கள். அப்படி நிதானமாக உலர்ந்த பலகையை இன்றைய மரக்கடையில் தேடிப் பிடிப்பது எளிதன்று.

ஆண்டுக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் ஊரில் காலம் பார்த்துத்தான் மரவேலையில் இறங்க வேண்டும். தீபாவளி கழிந்ததும் தொடங்கி, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழாவான திஞ்சானும் சித்திரைப் பிறப்பும் சேர்ந்து வரும் வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அழகு வேலைக்கு முன்பு கூரை ஒழுக்கையும் கரையானையும் முடித்துவிடுங்கள். தூண்களின் அடியிலும், தகரக் கூரையின் ஓரத்திலுள்ள கைமரங்களிலும், குளியலறையை ஒட்டிய சட்டங்களிலும் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்த இடம் உளுத்துவிட்டது. தேக்கின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் வெளிறிய வெளிமரத்தை விட்டுவைக்காது. பிங்காடோ என்னும் கடின மரத் தூணாக இருந்தால் உடல் இரும்பாக நின்று, மண்ணைத் தொடும் அடி மட்டும் கெட்டிருக்கும். அந்த அளவை அறுத்து எடுத்து, கீழே கான்கிரீட் கட்டையும் இடையே தகரத் தட்டும் வைத்துவிட்டால் போதும். தூணை முட்டுக்கொடுத்துத் தூக்கும் வேலையை அனுபவமுள்ள தச்சரிடம் விடுங்கள்.

சுவரைச் சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். பீய்ச்சி அடிக்கும் குழாயை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு டர்பன்டைனில் கரையும். மிஞ்சிய வார்னிஷைச் சுரண்டு தகட்டால் மர நாரின் போக்கிலேயே இழுத்து எடுத்து, பிறகு சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு 80, 120, 180 எண் என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் பயன்படுத்தினால் அதன் துணுக்குகள் மரத்தில் தங்கி, ஈரம் பட்டதும் கருநீலப் புள்ளிகளாகக் கிளம்பும். பழைய ஆணிகளைச் சுற்றியுள்ள கறையும் அத்தகையதுதான். அதை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தொட்டுவைத்து நீக்கலாம். அது நஞ்சு என்பதால் கையுறை போட்டு, பிறகு தண்ணீரால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பலகையில் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்தே சுரண்டுங்கள், குழந்தைகளை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் முதல் பலகையைத் தேய்த்து முடித்தபோது, பச்சையும் மஞ்சளும் கலந்து, கீற்றுக்கீற்றாக, காய்ச்சல்காரன் முகம்போல் ஒரு நிறம் வெளிப்பட்டது. கெடுத்துவிட்டோம் என்றே நினைத்து வேலையை நிறுத்தினேன். புதிதாகத் திறந்த தேக்கு அப்படித்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் சில வாரங்களில் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்பழுப்பாகிவிடும். ஆனால் அந்த நாட்களில் அவசரப்பட்டு ஒரு நாட்காட்டியை மாட்டிவிட்டேன். அதைக் கழற்றியபோது சுவரில் வெளிறிய நீள்சதுரம் ஒன்று அச்சாகப் பதிந்திருந்தது. நிறம் ஒன்றுபோல் படியும்வரை சுவரில் எதையும் மாட்டாதீர்கள்.

மேற்பூச்சுக்குப் பளபளக்கும் கெட்டி வார்னிஷ் வேண்டாம். தேக்கிலேயே எண்ணெய் இருப்பதால் அது சரியாகப் பிடிக்காது; நான் தரையில் அடித்தது ஜூலை மாதத்தில் வெயிலில் கருகிய தோல்போல் உரிந்து வந்தது. பலகையைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சம அளவு கலந்து மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரத்தில் உறிஞ்சாமல் நிற்பதை முழுவதும் துடைத்து எடுங்கள். இரண்டு பூச்சுப் போதும். அதிகமானால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து மறுபடியும் கறுக்கும். நன்றாக உலர்ந்த பிறகு தேன்மெழுகு தேய்த்தால் கைக்கு இதமான மங்கல் மினுக்கம் கிடைக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அவை தாமே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறவையுங்கள் அல்லது வெளியே கொடியில் விரித்து உலர்த்துங்கள்.

தரைப் பலகைகளுக்கு இடையே கோடையில் தெரியும் இடுக்குகளைப் பார்த்துச் சில தச்சர்கள் கெட்டி மக்கு அடைக்கத் துடிப்பார்கள். மழைக்காலத்தில் பலகை உப்பும்போது அந்த மக்கு நொறுங்கும், அல்லது பலகையே மேலெழும்பும். காசு விழும் அளவுக்கு அகன்ற இடுக்கில் மட்டும் தேக்குக் கீற்றைச் சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை வைத்துச் செருகச் சொல்லுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பழைய கட்டுமானக்காரர்கள் சுவரின் உச்சியில் விட்ட காற்றுச் சட்டங்களை அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். ஜன்னல் கதவின் மேற்பாதியில் பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி பொருத்தலாம். உத்தரத்தையோ தூணையோ வெட்டிப் புது ஜன்னல் வைக்காதீர்கள். பழைய ரப்பர் உறை மின்கம்பியை முழுவதும் மாற்றி, கறுப்புப் பூசிய இரும்புக் குழாயில் சுவரின் மேலேயே வெளிப்படையாகக் கொண்டுபோனால், எலிக்கும் எட்டாது, பழைய மரத்தோடு பார்க்கவும் பொருத்தமாக இருக்கும். வெள்ளை டியூப் லைட் தேக்கைச் சாம்பலாக்கிவிடும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள, மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. விளக்கைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தால் பலகையின் ரேகை தனித்துத் தெரியும். மின்சாரம் நின்றுபோகும் வேளைக்காக, பேட்டரியில் எரியும் 12 வோல்ட் விளக்கு வரிசை ஒன்றை இந்த வேலையோடு சேர்த்தே இழுத்துவிடுங்கள். பிறகு பலகையைக் கழற்ற மனம் வராது.

கீழ்த்தளச் செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட வேண்டும், சுண்ணாம்பே அடியுங்கள். அந்த வெண்மையும் மேலே தேக்கின் பழுப்பும் சேர்ந்தாலே நவீனத் தோற்றத்தில் முக்கால் பங்கு வந்துவிடும்.

பொருட்களைக் குறைவாக வையுங்கள். இடித்த வீட்டுத் தேக்குப் பலகை ஒன்றை வாங்கி, காந்தத்தை ஓட்டி உள்ளே ஒளிந்த ஆணிகளை எடுத்தபின், இரும்புக் கால் பொருத்தினால் உணவு மேசை ஆகிவிடும். நீண்ட கை வைத்த பழைய சாய்வு நாற்காலிக்குப் பிரம்பு பின்னல் புதுப்பித்தால் போதும். பகான் ஊர் அரக்குக் கிண்ணம் ஒன்றோ இரண்டோ, நேர் வெயில் படாத அலமாரியில் இருக்கட்டும். சாமி மாடத்தை மட்டும் கவனமாக அமையுங்கள்: குத்துவிளக்கின் அடியில் கல் பலகையும், பின்னால் பலகையைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளிய பித்தளைத் தகடும் இருந்தால், புகையும் ஏறாது, தீப் பயமும் இராது.

வேலை முடிந்த ஆண்டின் முதல் மழைக்கு, கையில் ஒரு சுண்ணாம்புக்கட்டியுடன் மேல்தளத்தில் நடந்து, நீர் சொட்டும் இடங்களையும் பலகை இறுகிய இடங்களையும் குறித்து வையுங்கள். அடுத்த நவம்பரில் தச்சர் வரும்போது அந்தக் குறிகளைக் காட்டினால் போதும்.